ஜூரோங் ஏரித் தோட்டங்கள்: எந்தக் கரையில், எந்த நேரத்தில்

சிங்கப்பூரின் மேற்குப் புறநகரான ஜூரோங்கில், ஒரு பெரிய ஏரியின் கரைகளிலும் அதன் நடுவே உள்ள தீவுகளிலுமாகப் பரந்திருக்கிறது ஜூரோங் ஏரித் தோட்டங்கள் என்னும் பூங்கா. மொத்தப் பரப்பு 90 ஹெக்டேர். ஏறத்தாழ 220 ஏக்கர். தாவரவியல் பூங்காவுக்கும் கரையோரப் பூந்தோட்டங்களுக்கும் அடுத்து நாட்டின் தேசியத் தோட்டமாக உருவானது இது. நகர மையத்தை விட்டு, மக்கள் வாழும் அடுக்குமாடிப் பேட்டைகளுக்கு நடுவில் அமைந்த முதல் தேசியத் தோட்டமும் இதுவே. நுழைவுக் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து நான்கைந்து நாள் பயணமாக வருபவர்களின் நிரலில் மரினா பே, செந்தோசா, லிட்டில் இந்தியா என்று போகும் வரிசையில் இந்த இடம் அநேகமாக இருப்பதில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் ஓய்வுப் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்க்க விரும்புபவர் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்கலாம்.

ஏரி மனிதர் செய்தது. 1960களின் தொடக்கத்தில் ஜூரோங் என்பது சதுப்பும் இறால் பண்ணைகளும் சிறு குன்றுகளும் கலந்த பகுதி. அன்றைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ அங்கே தொழிற்பேட்டை அமைக்க முற்பட்டபோது, ஆலைகள் வராது, பணம் வீணாகும் என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஆலைகள் வந்தன. 1968இல் அமைந்த ஜூரோங் நகராண்மைக் கழகம் பேட்டையை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றது. ஆலைக்கு வரும் தொழிலாளி அங்கேயே குடியிருக்க வேண்டுமானால் கூலியும் வீடும் மட்டும் போதாது, பொழுதுபோக்கவும் இடம் வேண்டும் என்ற கணக்கில் ஜூரோங் ஆற்றின் மேற்பகுதி தடுக்கப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் ஏரி உருவானது. அதன் தீவுகளில் 1973இல் ஜப்பானியத் தோட்டமும் 1975இல் சீனத் தோட்டமும் திறக்கப்பட்டன. இந்த முன்கதை ஒரு பயணிக்கும் உதவும். சுற்றுலாக் காட்சிக்கென்று எழுந்த இடமல்ல இது. வேலை முடிந்து வருபவர் காலாற நடக்க எழுந்தது. அந்த நோக்கத்தோடு வருபவருக்கே இது முழுதாகப் பயன்படும்.

பூங்காவை இரண்டு பகுதிகளாக மனத்தில் வைத்துக்கொண்டால் திட்டமிடுவது எளிது. மேற்குக் கரை முழுவதும் ஏரிக்கரைத் தோட்டம். 53 ஹெக்டேர் பரப்புள்ள இது 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நடை, ஓட்டம், சைக்கிள், குழந்தைகள் விளையாட்டு, பறவை பார்த்தல் எல்லாம் இங்கேதான். ஏரியின் நடுவே தீவுகளில் இருப்பவை சீனத் தோட்டமும் ஜப்பானியத் தோட்டமும். இவை 2019இல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டு 2024 செப்டம்பரில் மீண்டும் திறந்தன. இவை நின்று பார்ப்பதற்கு உரியவை. இரண்டு பகுதிகளையும் ஒரே காலையில் முடித்துவிட நினைப்பவர்கள் மதிய வெயிலில் களைத்து, எதையும் சரியாகப் பார்க்காமல் திரும்புகிறார்கள். ஒரு வருகைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வது நலம். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் மேற்குக் கரை, நடுப்பகலில் குளிரூட்டிய இடத்தில் ஓய்வு, மாலையில் தீவுகள் என்று பிரித்துக்கொள்ளலாம்.

சென்று சேர்தல்

பெருவிரைவு ரயிலின் கிழக்கு மேற்குத் தடத்தில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள் பூங்காவுக்கு வழிவிடுகின்றன. ஏரிக்கரைத் தோட்டத்துக்கு லேக்சைடு, தீவுகளுக்குச் சைனீஸ் கார்டன். லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர் வடகிழக்குத் தடத்தில் ஏறி அவுட்ரம் பார்க்கில் மாறி, மேற்கே துவாஸ் லிங்க் நோக்கிச் செல்லும் வண்டியைப் பிடிக்க வேண்டும். காத்திருப்பும் சேர்த்து முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். பாதி வழிக்கு மேல் தடம் தரைக்கு மேலே ஓடுவதால் பயணமே ஒரு வேடிக்கை. ஜூரோங் ஈஸ்ட் தாண்டியதும் இடப்பக்க சன்னலில் ஏரியும் சீனத் தோட்டத்தின் கோபுரமும் தெரியும். அங்கிருந்தே இறங்க வேண்டிய இடத்தைக் கணித்துவிடலாம்.

பயண அட்டை வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. தொடுதல் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகளையே வாயிலில் தட்டிச் செல்லலாம். வெளிநாட்டு அட்டைகளுக்குச் சிறு சேவைக் கட்டணம் சேரும். ஏறும்போது தட்டிய அதே அட்டையைத்தான் இறங்கும்போதும் தட்ட வேண்டும். கணவன் மனைவி இருவரும் ஒரே அட்டையைப் பயன்படுத்த முடியாது. டாக்சியில் வருபவர்கள் எந்தத் தோட்டம் என்று ஓட்டுநரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு பகுதிகளுக்கும் சாலை வழி வேறு. தவறான பக்கம் இறங்கினால் ஏரியைச் சுற்றி நீண்ட நடை.

நேரமும் வானிலையும்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டி; மறைவதும் மாலை ஏழை ஒட்டியே. நிலக்கோட்டுக் கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக முன்னால் ஓடுகிறது. கிரீன்விச் நேரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னால் என்னும் இன்றைய கணக்கு 1982 முதல் நடைமுறையில் உள்ளது. சென்னையில் ஐந்தரைக்கு நடை தொடங்கிப் பழகியவர் அதே பழக்கத்தில் கிளம்பினால் முழு இருட்டில் வந்து சேர்வார். விளக்குகள் உள்ள பாதைகளில் நடக்கத் தடையில்லை. ஆனால் ஏரியைப் பார்க்க முடியாது. ஆறே முக்காலுக்குக் கரையில் இருப்பது சரியான கணக்கு. ஏழிலிருந்து எட்டரை வரை வெளிச்சமும் காற்றும் நிழலும் கூடியிருக்கும் பொழுது. ஒன்பதுக்கு மேல் புல்வெளிப் பகுதியில் ஒதுங்க நிழல் கிடைப்பது கடினம். மாலையில் ஐந்தரைக்கு மேல் வருவது நல்லது.

பகல் வெப்பம் எந்த மாதத்திலும் 31, 32 டிகிரியைச் சுற்றியே இருக்கும். சென்னையின் மே மாதத்தைப் பார்த்தவருக்கு இந்த எண் சிறியதாகத் தோன்றும். ஆனால் ஈரப்பதம் மிகுதியாக இருப்பதால் வியர்வை உலர்வதில்லை. உடல் குளிர்வதும் இல்லை. அரை மணி நேர நடைக்கே சட்டை நனைந்துவிடும். தண்ணீர்ப் புட்டி அவசியம். குழாய் நீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம் என்பதால் ஒரு காலிப் புட்டி கொண்டுவந்து நிரப்பிக்கொள்வது போதும்.

மழையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் மழையில்லா மாதம் என்று ஒன்று கிடையாது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் தொடர்ச்சியாகப் பெய்யும். சில நாள் விடாமல் தூறும். பருவங்களுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை திரள்வது வழக்கம். இவை தவிர, ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணைக்கு மேல் உருவாகி விடியலுக்கு முன்னோ காலையிலோ மேற்கிலிருந்து வந்து அடிக்கும் சூறைமழை உண்டு. ‘சுமத்ரா’ என்று அதற்குப் பெயர். ஜூரோங் வட்டாரம் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் இருப்பதால் நகரத்துக்கு முன்பே இங்கே வந்துவிடும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்து, அதன்பின் காற்று குளிர்ந்திருக்கும். மழை விட்ட அந்தப் பொழுதுதான் நடைக்கு மிக நல்லது என்பது ஜூரோங்வாசிகளுக்குத் தெரியும்.

நனைவது பெரிய ஆபத்தல்ல, மின்னல்தான் ஆபத்து. உலகில் மின்னல் மிகுந்த இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஏரிக்கரையும் திறந்த புல்வெளியும் அந்த நேரத்தில் இருக்கக் கூடாத இடங்கள். இடி கேட்ட உடனே நீரை விட்டும் தனித்து நிற்கும் மரங்களை விட்டும் விலகி, சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். பக்கங்கள் திறந்த சிறு மண்டபம் மழைக்கு ஒதுங்க ஆகும், மின்னலுக்கு ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வருவது நல்ல வழக்கம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கைப்பேசிச் செயலியில் மழை மேகங்களின் நகர்வைப் பார்க்கலாம். அடுத்த அரை மணி நேரத்துக்கு அதைவிட நம்பகமான சோதிடம் இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, அண்டை நாட்டுக் காட்டுத்தீயால் சில ஆண்டுகளில் புகைமூட்டம் வரும். காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை என்று பொருள். ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் அன்று நடையைத் தள்ளிப்போடலாம்.

மேற்குக் கரையில் நடை

ஏரிக்கரைத் தோட்டத்தின் பாதைகள் பெரும்பாலும் சமதளம். கைத்தடி ஊன்றுபவர், சக்கர நாற்காலியில் வருபவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர் எல்லோருக்கும் ஏற்றவை. நிதானமாக நடந்து, ஆங்காங்கே நின்று பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும்.

முதலில் புல்வெளி. சிங்கப்பூரில் எங்கு பார்த்தாலும் மட்டமாக வெட்டப்பட்ட புல்லையே கண்டவருக்கு இங்கே இடுப்பளவு வளரவிட்ட புல் வியப்பாக இருக்கும். இது பராமரிப்புக் குறைவு அல்ல. புல்விதை தின்னும் பறவைகளுக்காகவே அப்படி விடப்பட்டிருக்கிறது. சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும் இங்கே உண்டு. தூக்கணாங்குருவியின் கூட்டைத் தமிழ்நாட்டில் ஈச்ச மரத்திலும் பனையிலும் பார்த்து வளர்ந்தவர், அடுக்குமாடிகளின் நிழலில் அதைத் தேடிப் பார்க்கலாம். புல்வெளியில் கட்டுமானக் கம்பிகளால் செய்த ஒற்றை மரச் சிற்பம் ஒன்று நிற்கிறது. படம் எடுப்பவர்கள் கூடும் இடம் அதுதான். சூரியன் தாழும் நேரத்தில் அதன் நிழலுருவம் அழகு. வார இறுதி மாலைகளில் அங்கே முறை வைத்துக் காத்திருக்க நேரும்.

புல்வெளியைவிடச் சிறந்தது ரசாவ் நடைபாதை. ஏரியின் ஓரமாக நீருக்கு மேல் சுமார் 300 மீட்டர் நீளும் மரப்பாதை இது. ரசாவ் என்பது நம் தாழையின் இனத்தைச் சேர்ந்த நீர்ச்செடி. நன்னீர்ச் சதுப்புக்காட்டின் விளிம்பில் வளர்வது. அத்தகைய சதுப்புக்காடு ஒரு காலத்தில் இப்பகுதியில் இருந்தது. அதை மீட்டெடுக்கும் முயற்சியாக ரசாவும் மற்ற சதுப்பு மரங்களும் இங்கே நடப்பட்டுள்ளன. ஓட்டக்காரர்கள் இதை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். அது இழப்பு. பாதையில் ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் மீன்கொத்தியோ, கரையோரத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் சாம்பல் நாரையோ, நீரில் தலையை மட்டும் நீட்டி நீந்தும் உடும்போ கண்ணில் படாமல் போவது அரிது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் சேர்ந்துகொள்ளும். நீலவால் பஞ்சுருட்டான் அவற்றில் எளிதாக அடையாளம் காணக்கூடியது. இருகண்ணோக்கி வைத்திருப்பவர் இந்தப் பாதைக்கு அதைக் கொண்டுவர வேண்டும். மழைக்குப் பிறகு பலகை வழுக்கும். ரப்பர் செருப்பு போதாது. பிடிப்புள்ள காலணி வேண்டும்.

நேரம் ஓடைகள் எனப்படும் பகுதி நகரத் திட்டமிடலில் அக்கறை உள்ளவர்கள் பார்க்க வேண்டியது. முன்பு கான்கிரீட் வடிகாலாக இருந்ததைக் கல்லும் செடியும் கொண்ட வளைந்தோடும் ஓடையாக மாற்றியிருக்கிறார்கள். நீர் மெல்ல ஓடுவதால் வண்டல் படிந்து, வேர்களில் வடிந்து ஏரியை அடைகிறது. கால்வாய்க்குக் கான்கிரீட் சுவர் எழுப்புவதையே தூர்வாரலாகக் கருதும் ஊர்களிலிருந்து வருபவர்கள் இந்த ஓடையின் ஓரத்தில் சற்று நேரம் செலவிடலாம்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: பகிர்வுப் பாதைகளில் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். நடப்பவருக்கே முன்னுரிமை. நடப்பவரும் இடப்பக்கமாகச் செல்ல வேண்டும். நான்கு பேர் கைகோத்து அகலமாக நடந்தால் பின்னால் மணி ஒலிக்கும்.

குழந்தைகளுடன் வருபவர்களுக்கு

காட்டு உலா என்னும் விளையாட்டிடம் 2 ஹெக்டேருக்கு மேல் பரந்தது. சதுப்புக்காட்டு விலங்குகளின் அசைவுகளை மாதிரியாகக் கொண்டு ஏறவும் ஊஞ்சலாடவும் சமநிலையில் நடக்கவும் அமைத்த பகுதிகள் மரங்களுக்கிடையே சிதறியிருக்கின்றன. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது பொருத்தம். சிறியவர்களுக்குப் பக்கத்திலுள்ள குளூசியா நீர்விளையாட்டிடம் பிடிக்கும். ஆழமில்லாத நீர், மணல், அலை, ஓட்டம். இந்த நீர் தாவரப் படுகைகளின் வழியே வடிந்து சுத்தமாகி மீண்டும் சுழல்கிறது. பராமரிப்புக்காக இது மூடப்படும் நாள்கள் உண்டு என்பதால் கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பூட்டிய இடத்தைக் காட்டுவது எந்தப் பெற்றோருக்கும் சுகமான அனுபவமல்ல. மாற்றுடையும் துண்டும் அவசியம். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் காலை ஒன்பதுக்கு முன் வருபவர்களுக்கே தாராளமாக இடம் கிடைக்கும். ஆட்டிசம் போன்ற தேவைகள் உள்ள குழந்தைகளையும் கருத்தில் கொண்டு அமைத்த சிகிச்சைத் தோட்டமும் இதே கரையில் இருக்கிறது. கூச்சல் குறைந்த இடம்; முதியவர்களும் அங்கே உட்காரலாம்.

ஏரியில் இறங்கி நீந்த அனுமதியில்லை. நீரில் பொழுதுபோக்க விரும்புபவர்கள் மக்கள் கழகத்தின் நீர் விளையாட்டு நிலையத்தில் கயாக், மிதிபடகு போன்றவற்றுக்கு முன்பதிவு செய்யலாம். தூண்டில் போடுவது அனுமதிப் பலகை உள்ள இடத்தில் மட்டும்.

தீவுத் தோட்டங்கள்

சீனத் தோட்டத்தைத் தைவான் கட்டடக்கலைஞர் யூ யுவென் சென் வடசீன அரண்மனைத் தோட்டங்களின் பாணியில் வடிவமைத்தார். ஏழடுக்குக் கோபுரம், இரட்டைக் கோபுரங்கள், கல்சிங்கங்கள், பெய்ஜிங் கோடைக்கால அரண்மனையின் பதினேழு வளைவுப் பாலத்தை நினைவில் வைத்துக் கட்டிய பதின்மூன்று வளைவு வெள்ளைப் பாலம் ஆகியவை இதன் அடையாளங்கள். சூசோ பாணியிலான போன்சாய்த் தோட்டம் தனியே நேரம் கேட்கும்.

இரட்டை அழகுப் பாலத்தைக் கடந்தால் ஜப்பானியத் தோட்டம். கின்சாகு நகானே என்னும் ஜப்பானியப் பேராசிரியர் வடிவமைத்தது. சீனத் தோட்டம் நிறத்தாலும் உயரத்தாலும் கண்ணை இழுக்கிறது. ஜப்பானியத் தோட்டமோ வெற்றிடத்தால் நிற்கவைக்கிறது. புல்மேடு, கல்விளக்கு, கூழாங்கல் பரப்பு, குனிந்த மரம், அதற்கு மேல் எதுவுமில்லை. புதுப்பிப்புக்குப் பின் அல்லி, ஆம்பல் வகைகளின் தொகுப்பும் தரைமட்டத்துக்குக் கீழிறங்கிச் செல்லும் தோட்டமும் இங்கே கவனம் பெறுகின்றன. அல்லிகளில் பல முற்பகலில் விரிந்து பிற்பகலில் கூம்புபவை. அவற்றுக்காக வருபவர் மாலை வரை காத்திருக்கக் கூடாது. வரிசையாக இரண்டையும் பார்ப்பவர் சீனத் தோட்டத்தில் தொடங்கி ஜப்பானியத் தோட்டத்தில் முடிப்பதே முறை. மாற்றிச் செய்தால் இரண்டாவது இரைச்சலாகப் படும். தீவுகளின் திறப்பு நேரம் மேற்குக் கரையிலிருந்து வேறுபட்டது. வாயிலில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலங்குகளும் விதிகளும்

ஏரியில் நீர்நாய்க் குடும்பங்கள் வந்து போகின்றன. சிங்கப்பூரின் நீர்நிலைகளில் ஏறத்தாழ மறைந்துபோயிருந்த இவை 1990களின் பிற்பகுதியில் திரும்பி வந்து பெருகியவை. கூட்டமாகக் கரையேறி மணலில் புரள்வதைப் பார்ப்பது பெரும் இன்பம். ஆனால் குட்டிகள் உடனிருந்தால் கடிக்கத் தயங்காது. சில மீட்டர் தள்ளி நின்று, நடுவில் புகாமல், நாயைக் கயிற்றில் பிடித்துப் பார்க்க வேண்டும். உடும்பு ஆளைத் துரத்தாது; வழிவிட்டால் போய்விடும்.

காக்கைக்குச் சோறும் புறாவுக்குத் தானியமும் வைப்பதைப் புண்ணியமாகக் கருதும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். காட்டுயிர்களுக்கு உணவிடுவது 2020 முதல் நாடு முழுவதும் குற்றம். முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். புறாவும் இதில் அடங்கும். 2022 ஜூலை முதல் எல்லாப் பொதுப் பூங்காக்களிலும் புகைபிடிக்கத் தடை. ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும். பூவோ காயோ பறிக்கக் கூடாது. கொசுவிரட்டி தடவிக்கொள்வது நல்லது. டெங்கி சிங்கப்பூரிலும் உண்டு, அதன் கொசு பகலில் கடிப்பது.

சாப்பாடும் திரும்புதலும்

பூங்காவுக்குள் உணவுக்கடைகள் குறைவு, விலையும் கூடுதல். மேற்குக் கரையை ஒட்டியுள்ள தாமன் ஜூரோங் பேட்டையின் சந்தையும் உணவங்காடி நிலையமும் காலை நடை முடிந்து பசியாறச் சரியான இடம். இது அதிபர் தர்மன் சண்முகரத்னம் 2001 முதல் 2023 வரை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்த வட்டாரம். சீனக் கடைகளில் காய்கறி என்று கேட்டு வாங்கும் தட்டிலும் மீன் சாறோ சிப்பிச் சாறோ கலந்திருக்கலாம். சைவர்கள் முட்டை, இறால் உட்பட எதெல்லாம் வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இடம் பிடிக்க மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் வைத்திருந்தால் அது ‘ஆள் வருகிறார்’ என்பதற்கான அடையாளம். எடுத்து வைத்துவிட்டு உட்காரக் கூடாது. சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம். உணவங்காடிக் கடைகள் பல திங்களன்று விடுப்பு எடுக்கும்.

நடுப்பகலைக் குளிரூட்டிய இடத்தில் கழிக்க விரும்புபவர், லேக்சைடிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளியுள்ள ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தை ஒட்டிய ஜெம், வெஸ்ட்கேட் கடைத்தொகுதிகளுக்குப் போகலாம். மாலையில் நகரத்துக்குத் திரும்பும் வண்டிகளில் நெரிசல் குறைவு. அந்நேரக் கூட்டம் எதிர்த்திசையில், வீடு திரும்புவோரோடு மேற்கே வருவது. ஜூரோங் ஈஸ்டில் வடக்குத் தெற்குத் தடமும் சந்திப்பதால், லிட்டில் இந்தியா செல்பவர்கள் பலகையைப் பார்த்து, பாசிர் ரிஸ் நோக்கிச் செல்லும் கிழக்கு மேற்கு வண்டியில்தான் ஏறவேண்டும்.